மனம் பாரமாக இருக்கும் நாளில் செபத்தை எங்கிருந்து தொடங்குவது

"செபிக்க உட்கார்ந்தா அழுகைதான் வருது அக்கா. என்ன செய்யிறது?"

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் பெரிய இழப்பு ஏதோ நடந்திருக்கும் என்றில்லை. மாமியாரோடு பேச்சு நின்று ஒரு மாதம். கணவர் கட்டாரில், போன் எடுத்தால் காசுக் கணக்கு மட்டும் கதைக்கிறார். மகன் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். கிழமைக்கு ஒரு தரம் லோன் காசு கேட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. இவை பேப்பரில் வருகிற கஷ்டங்கள் அல்ல. ஆனாலும் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும்.

அவர்களுக்கு நான் சொல்வது: அழுகை வந்துவிட்டதா, செபம் தொடங்கிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று மட்டும் பார்ப்போம்.

நான் குருவும் இல்லை, போதகரும் இல்லை, டாக்டரும் இல்லை. திருகோணமலையில் பிறந்து, கடல்தொழில் செய்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளை வளர்த்தவள். பிறந்தது மெதடிஸ்த வீட்டில், புகுந்தது கத்தோலிக்க வீட்டில். அதனால் என் வாயில் கர்த்தரும் வருவார், ஆண்டவரும் வருவார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இதை வாசிக்கலாம். சைவ வீட்டில் இருந்துகொண்டு பைபிளைத் திறந்து பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

80 பக்கக் கொப்பி போதும். பைபிள் வாங்குவதற்கு முன்பே இதை வாங்கச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

நம் ஆட்களிடம் என்ன பிரச்சினை என்று கேட்டால், "மனசு சரியில்லை" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் பயம், கோபம், வெட்கம், தனிமை, களைப்பு எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். இன்னதென்று தெரியாத ஒன்றைக் கடவுளிடம் எப்படிக் கொடுப்பது? அதனால் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இன்றைக்கு எனக்கு இது. ஏனென்றால் இது."

என் கொப்பியில் இருந்து ஒன்று சொல்கிறேன். 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். ஒருநாள் ராத்திரி என் மகள் அரைவாசிச் சோற்றைக் கோப்பையில் மிச்சம் விட்டுவிட்டு எழும்பினாள். நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். பிள்ளை அழுதுகொண்டே படுத்துவிட்டாள். நான் குசினியில் இருந்து கொப்பியை எடுத்து, "இன்றைக்கு எனக்குக் கோபம். ஏனென்றால்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனை ஓடவில்லை. "மகள் சோற்றை வீணாக்கினாள்" என்று எழுதிப் பார்த்தேன், அது பொய்யாகத் தெரிந்தது. வெட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து எழுதினேன்: "அடுத்த கிழமை அரிசி வாங்க என்னிடம் காசு இல்லை." அப்போதுதான் "கோபம்" என்ற சொல்லையும் வெட்டிவிட்டு, மேலே "பயம்" என்று எழுதினேன்.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோபத்துக்காக மன்னிப்புக் கேட்டுச் செபித்திருந்தால், மன்னிப்புக் கிடைத்திருக்கும்; பயம் அப்படியே இருந்திருக்கும். அன்றைக்கு நான் கேட்க வேண்டியது இரண்டு: மகளிடம் மன்னிப்பு, ஆண்டவரிடம் அரிசி. இரண்டையும் கேட்டேன்.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கடவுளிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும், நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும், குறை சொன்னால் பாவம் என்று நினைக்கிறார்கள். நினைக்கிறது தப்பில்லை, அப்படித்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் பைபிளைத் திறந்து பாருங்கள். நடுப்பகுதியில் 150 பாட்டுகள் கொண்ட ஒரு புத்தகம் இருக்கிறது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் அதைச் சங்கீதம் என்பார்கள். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் திருப்பாடல்கள் என்றிருக்கும். அந்தப் பாட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். நம் ஊரில் செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்களே, "என்னை விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது" என்று, கிட்டத்தட்ட அந்தக் குரல். இங்கே கேள்வி கேட்கப்படுகிறவர் மட்டும் கடவுள்.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 6 வசனங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் 2 வசனங்களுக்குள் 4 தடவை "எதுவரைக்கும்" வருகிறது. ஒரு மனிதன் கடவுளைப் பார்த்து, நீர் என்னை மறந்துவிட்டீர் என்று நேருக்கு நேர் சொல்கிறான். யாரும் அவனை வாயை மூடு என்று சொல்லவில்லை. அதை வேதத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாட்டின் நடையை வைத்து உங்கள் சொந்தச் செபத்தை எழுதலாம். நான் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இப்படித்தான். முதல் 2 வசனங்களில் முறைப்பாடு. அதைப்போல நீங்களும் 4 "எதுவரைக்கும்" எழுதுங்கள். எதுவரைக்கும் இந்த வீட்டில் நான் ஒருத்தியே எல்லாம் செய்வது? எதுவரைக்கும் அவர் போனில் காசை மட்டும் கதைப்பார்? அடுத்த 2 வசனங்கள் கேட்பது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கடைசி 2 வசனங்களில் அந்த மனிதன் கடவுளின் கிருபையை நம்பியிருக்கிறேன் என்கிறான், பாடுவேன் என்கிறான்.

அந்தக் கடைசிப் பகுதி உங்களுக்கு வரவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். வராததை வந்ததாக எழுத வேண்டாம். 88ஆம் சங்கீதம் அப்படி எந்த ஆறுதலும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சில பாரங்கள் ஒரே இரவில் இறங்குவதில்லை என்று தெரிந்தவர்கள்தான் அதை அங்கே வைத்திருக்க வேண்டும்.

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போய் மூன்றாம் மாதம், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டு நடுவில் எனக்கு அழுகை அடக்க முடியவில்லை. கூட்டத்தை நடத்தியவர் முடிந்தபின் என்னிடம் வந்து, "இவ்வளவு நாளாகியும் அழுறது அவிசுவாசம் தங்கச்சி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் எந்தக் கூட்டத்துக்கும் நான் போகவில்லை. அழுகையும் நிற்கவில்லை, குற்ற உணர்ச்சியும் கூடச் சேர்ந்துகொண்டது.

அதிலிருந்து என்னை வெளியே எடுத்தது பைபிளிலேயே மிகச் சின்ன வசனங்களில் ஒன்று. யோவான் 11:35, அதாவது யோவான் சுவிசேஷம் 11ஆம் அதிகாரம் 35ஆம் வசனம். "இயேசு கண்ணீர் விட்டார்." இயேசுவின் நண்பன் லாசரு இறந்து 4 நாளாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும், அழுகிற லாசருவின் சகோதரி மரியாளைக் கண்டதும் அவரும் அழுதார். உயிர்ப்பைக் கையில் வைத்திருந்தவரே அழுதிருக்கிறார் என்றால், அம்மாவை இழந்த நான் அழுததில் என்ன அவிசுவாசம்? அழுவது அவிசுவாசம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த வசனத்தைக் காட்டுங்கள். காட்ட மனமில்லாவிட்டால் உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டீர்களா, படுத்தீர்களா

ஆவிக்குரிய காரியம் கதைக்கும்போது இதென்ன கேள்வி என்று நினைக்காதீர்கள்.

எலியா என்ற தீர்க்கதரிசியின் கதை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் 1 அரசர்கள். பெரிய வெற்றி ஒன்றுக்குப் பிறகு, அரசி கொல்லுவேன் என்று சொல்லி அனுப்ப, உயிர் தப்பி வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார், சாக வேண்டும் என்று கேட்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டியெழுப்பிச் சொன்னது என்ன? "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். பிரசங்கம் இல்லை, கண்டிப்பு இல்லை. கடவுள் எலியாவோடு கதைப்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே மனம் இருண்டு வரும்போது, பைபிளைத் திறப்பதற்கு முன் இதைப் பாருங்கள்: காலையில் இருந்து என்ன சாப்பிட்டேன்? தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பாணுமா? நேற்று எத்தனை மணிக்குப் படுத்தேன்? கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் இந்த ஊர்ச் சூட்டில் நித்திரை எப்படிக் குழம்பும் என்று நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் வீட்டில் சண்டையும் கூடும். சீனி வருத்தம், பிரஷர் இருக்கிறவர்கள் குளிசையைச் சரியாகப் போட்டீர்களா என்றும் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற அம்மாமாருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கோப்பை கஞ்சி குடித்துவிட்டு, குளித்துவிட்டு, பிறகு செபிக்க உட்காருங்கள்.

நேரம் சின்னதாக இருக்கட்டும், இடம் மாறாமல் இருக்கட்டும்

புதிதாக வருகிறவர்கள் ஆர்வத்தில் அதிகாலை 4 மணிக்கு எழும்பி ஒரு மணி நேரம் செபிப்பேன் என்று தொடங்குவார்கள். மூன்றாம் நாள் நின்றுவிடும். நின்றபிறகு வருகிற வெட்கம் பழைய பாரத்தைவிடப் பெரிது. 10 நிமிஷம் வையுங்கள். வீட்டில் ஒரு மூலை, ஒரு பாய், ஒரே நேரம். அவ்வளவுதான்.

மனம் ஓடிக்கொண்டே இருக்கிறவர்களுக்குக் கையில் ஏதாவது வேண்டும். செபமாலை அதற்கு நல்லது. முழுச் செபமாலை சொன்னால் பத்துப் பத்து மணிகளாக 5 தொகுதிகள். உங்களுக்கு இப்போதைக்கு ஒரு பத்து போதும். அவசரப்படாமல் 10 தடவை "அருள்நிறை மரியே" செபம். செபமாலைப் பழக்கம் இல்லாதவர்கள் மூச்சோடு சேர்த்து ஒரு வரி சொல்லலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது "ஆண்டவரே", விடும்போது "என்மேல் இரக்கமாயிரும்". பஸ்ஸிலும் சொல்லலாம், ஆஸ்பத்திரி வரிசையிலும் சொல்லலாம். ராத்திரி முழிப்பு வந்து நெஞ்சு அடிக்கிறபோது லைட்டைப் போட்டுப் போனை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிறகு ஒரு சின்னப் பகுதி வாசியுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள்தான், கதை வேகமாக ஓடும். 4ஆம் அதிகாரத்தின் கடைசியில் கடலில் புயல் வருகிற பகுதி இருக்கிறது. அதை மட்டும் ஒரு கிழமைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். இந்த ஊர்க்காரருக்கு அந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

என் கணவர் கடலுக்குப் போன காலத்தில், மாரியில் திடீரென்று காற்று மாறினால் எனக்கு நித்திரை வராது. வாடைக்காற்றின் சத்தம் கூரைத் தகரத்தில் எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். போன் வேலை செய்யாது. டச் பே கரையில் போய் நின்றாலும் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு ராத்திரி மாற்கு 4ஐ எடுத்து வாசித்தேன். வள்ளத்துக்குள் தண்ணீர் அடிக்கிறது, இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரை. சீஷர் அவரை எழுப்பிக் கேட்கிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" அவ்வளவு நாள் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு அது என் வாயில் இருந்து வந்த மாதிரி இருந்தது. நானும் சத்தமாகவே கேட்டேன், உமக்குக் கவலையில்லையா என்று.

மாற்கு எழுதியதைக் கவனியுங்கள். இயேசு எழும்பி முதலில் காற்றை அதட்டினார். கடலைப் பார்த்து, "இரையாதே, அமைதலாயிரு" என்றார். அமைதியான பிறகுதான் சீஷரிடம், ஏன் பயப்பட்டீர்கள் என்று கேட்டார். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் உதவி, பிறகு பாடம். கணவர் விடிய 7 மணிக்கு வந்தார். வராமல் போன வீடுகளும் இந்தக் கரையில் இருக்கின்றன, அவர்களும் செபித்தவர்கள்தான். அதனால் செபித்தால் எல்லா வள்ளமும் கரை சேரும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்த ராத்திரியில் நான் தனியாக இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் இடமே இல்லை, எந்நேரமும் ஆட்கள் என்றால், கோயில் திறந்திருக்கும் நேரம் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் நீல நிற முகப்போடு நிற்கும் தூய மரியாள் பேராலயம் 1852இல் கட்டப்பட்டது. எத்தனையோ பேருடைய கண்ணீரைப் பார்த்த இடம். பூசை இல்லாத வேளையில் பின் வாங்கில் போய் இருந்து பாருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒரு ஆளைத் தேடுங்கள், ஒரே ஒரு ஆளை

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். "ஊருக்குத் தெரிஞ்சிடும்." சின்ன ஊர், பயம் நியாயமானது. கூட்டத்தில் செப விண்ணப்பம் என்று சொன்ன காரியம் மீன் சந்தையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கூட்டத்தில் விபரம் சொல்லாதீர்கள். "ஒரு குடும்பப் பாரத்துக்காகச் செபியுங்கள்" என்றால் போதும். கடவுளுக்கு விலாசம் தெரியும்.

ஆனால் விபரமாகச் சொல்ல ஒருவர் வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பது? உங்களிடம் மற்றவர் கதையைச் சொல்லாதவரை. இன்னொருவர் கதையை உங்களிடம் கொண்டுவருகிறவர், உங்கள் கதையையும் கொண்டுபோவார். முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கிழமை கழித்தும் அது வெளியே வரவில்லை என்றால் மிச்சத்தைச் சொல்லலாம். கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. அங்கே சொன்னதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது, அது திருச்சபையின் சட்டம். ஆனால் அது பாவத்துக்கான இடம். மனப்பாரத்தை ஆறுதலாக இருந்து கதைக்க வேறொரு நேரம் கேட்டுப் போவது நல்லது.

எப்படிக் கேட்பது என்றே பலருக்குத் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: "அக்கா, எனக்கு உங்களோட ஒரு பத்து நிமிஷம் கதைக்கோணும். புத்தி ஒண்டும் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தாப் போதும். கடைசியில எனக்காக ஒரு செபம் சொல்லுங்கோ." இதில் மூன்று காரியம் இருக்கிறது: நேரம் எவ்வளவு, அவர் என்ன செய்ய வேண்டாம், என்ன செய்ய வேண்டும். கேட்கிறவருக்கும் அது பெரிய உதவி. நம் ஊரில் எல்லோரும் உடனே புத்தி சொல்வது அன்பில்லாமல் இல்லை. வேறென்ன செய்வதென்று தெரியாததால்தான்.

வீட்டில் மற்றவர்கள் சைவமாக இருந்து, நீங்கள் மட்டும் புதிதாக வந்திருந்தால் இன்னொன்று. "வேதக்காரியா மாறிட்டா" என்ற பேச்சு வரும். அதற்கு விவாதம் செய்யாதீர்கள். கோணேசர் கோயிலுக்குப் போய்வந்த அம்மா திருநீற்றோடு வந்து உங்கள் பக்கத்தில் இருந்தால், இருக்கட்டும். அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். உங்கள் மனம் கொஞ்சம் இளகியிருப்பதை வீட்டார் கண்டால் அதுவே போதும். உங்கள் துக்கத்தை முதலில் கேட்கப்போகிறவர் அந்த அம்மாவாகவும் இருக்கலாம்.

கவலையை இரண்டாகப் பிரிப்பது

கொப்பியின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், இன்றைக்கு என் கையால் செய்யக்கூடியது. வலப்பக்கம், இன்றைக்கு என்னால் முடியாதது. லோன் தவணைக்கு ஒரு கிழமை அவகாசம் கேட்டுப் போன் எடுப்பது இடப்பக்கம். கணவரின் கம்பனி எப்போது சம்பளம் போடும் என்பது வலப்பக்கம். இடப்பக்கத்தைச் செய்யுங்கள். வலப்பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, 1 பேதுரு 5:7ஐச் சொல்லுங்கள். கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்கிறது அது, காரணமும் சொல்கிறது: அவர் உங்களை விசாரிக்கிறவர். விசாரிக்கிறவர் என்ற அந்தச் சொல்லில் எனக்கு எப்போதும் ஆறுதல். வருத்தமாகப் படுத்திருந்தால் சொந்தக்காரர் வந்து விசாரிப்பார்களே, அப்படி.

காணிக்கை கொடுத்தால் கடன் தீரும், விசேஷ எண்ணெய் வாங்கினால் வீட்டுக் கட்டு அறும் என்று யாராவது சொன்னால் அங்கே இருக்காதீர்கள். கடனில் இருக்கிறவரிடம் காசு கேட்கிறவர் எந்த வேதத்தை வைத்துக்கொண்டு கேட்டாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

மன்னிப்பைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4:26இல் இருக்கிறது. மாமியாரோடு, மச்சாளோடு வருகிற சண்டைக்கு அது அருமையான மருந்து. ஆனால் அடிக்கிற கணவரிடம் திரும்பிப் போ என்பதற்கு அந்த வசனத்தை எடுத்தால் அது அநியாயம். மன்னிக்கலாம், ஆனால் அடிவாங்க அங்கே இருக்கத் தேவையில்லை. அடி விழுகிற வீட்டில் இருக்கிறவர்கள் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு எடுக்கலாம். அந்த நேரத்திலேயே ஆபத்து என்றால் பொலிஸ் 119.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை, செய்த வேலை எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வெறும் கவலை இல்லை. செத்தால் நல்லம் என்ற எண்ணம் ஒருதரம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் கவனித்துக் கேட்பார்கள். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போனால் மனநலப் பிரிவில் காட்டலாம். எந்த நாள் கிளினிக் என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். உங்களுடைய அந்த ஒரு ஆளைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விசுவாசம் இருக்கிறவர் மனதுக்குக் குளிசை போடலாமா என்று கேட்கிறார்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்றுதான் சொல்கிறார், கொலோசெயர் 4:14. கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் வைத்தியரை மதிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. காய்ச்சலுக்குப் பனடோல் போடும்போது யாரும் விசுவாசத்தைக் கேட்பதில்லை. இதற்கும் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும்: செபத்தில் சுகம் கிடைத்துவிட்டது, குளிசையை நிறுத்து என்று யார் சொன்னாலும் தந்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தெரிந்த ஒரு பிள்ளை அப்படி நிறுத்திப் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவள்.

கலண்டரில் சில நாட்களைக் குறித்து வையுங்கள்

பாரம் சில நாட்களில் தேதி பார்த்து வரும். இந்த ஊரில் மார்கழி அப்படி ஒரு மாதம். மழை, கடல் கொந்தளிப்பு, தொழில் இல்லை, கையில் காசில்லை, அதற்குள் நத்தார். நத்தாருக்கு அடுத்த நாள் 26. 2004இல் அந்தக் காலையில் கடல் வந்ததை மறக்காதவர்கள் கரையோரம் முழுக்க இருக்கிறார்கள். பாலனைப் பாட்டுப் பாடி வரவேற்ற வாயால் மறுநாள் ஒப்பாரி வைத்த வீடுகள் அவை. அந்த நாளில் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

உங்கள் வீட்டுத் துக்க நாட்களையும் கலண்டரில் குறியுங்கள். போனவருடைய பிறந்தநாள், போன நாள், கலியாண நாள். அந்த நாளுக்கு முதல்நாளே உங்களுடைய ஆளுக்குச் சொல்லிவையுங்கள்: "நாளைக்கு எனக்குக் கஷ்டமான நாள், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ." கல்லறைக்குப் போகிறவர்கள் போகலாம், பூசைக்குக் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம். நான் அம்மாவின் நாளில் அவ விரும்பிச் சாப்பிடுகிற குரக்கன் புட்டு அவித்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, 42ஆம் சங்கீதம் வாசிப்பேன். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று பாடுகிறவன் தன் மனதோடு தானே கதைக்கிற பாட்டு அது.

முதல் கிழமை

இன்றைக்குக் கொப்பி வாங்கி ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக ஒருதரம் வாசியுங்கள். அடுத்த நாள் உங்கள் 4 "எதுவரைக்கும்". பிறகு இரண்டு நாள் மாற்கு 4இன் கடைசிப் பகுதி மட்டும். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் அந்தத் தேதியை எழுதி, கீழே இடம் விட்டுவிட்டு, அடுத்த நாளில் தொடருங்கள். என் கொப்பியில் அப்படி வெறும் தேதிகள் நிறைய இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ ஆராதனைக்கோ போங்கள். யாரையும் தெரியாவிட்டால் கடைசி வாங்கில், நடைபாதை ஓரமாக இருங்கள்; எழும்பி வெளியே போக வேண்டி வந்தால் சுகம். கைக்குட்டை ஒன்று கொண்டுபோங்கள். பாட்டுத் தொடங்கும்போது தொண்டை அடைத்தால் பாட வேண்டாம், புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் பாடுவார்.